மார்கழியில் எனக்குப் பத்தொன்பது, சகலைக்கு சைபர்

1

பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் போன மார்கழியில் இந்த ஊர் மருத்துவர்கள் போட்ட கணக்குப்படி பார்த்தால், இன்று இதை எழுத நான் இருப்பேனா என்பதே சந்தேகமாக இருந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தாடிக்கொம்பு. கோயில் பெருமாளின் பெயரையே எனக்கும் வைத்தார்கள், சௌந்தரராஜன் என்று. படிப்பு பத்தாவது. மனைவி வசந்தா திண்டுக்கல் டவுன்காரி, நர்ஸ். இருபது வருஷத்துக்கு முன் அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவன் நான். வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மகள் மீனா இங்கேயே கல்லூரியில் மனநலப் படிப்பு படிக்கிறாள்.

போன வாரம் எங்கள் பகுதி மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது. 'நீங்கள் எங்கள் கவனிப்புக்கு வந்து ஓராண்டு ஆகிறது, இத்துடன் இருக்கும் ஒன்பது கேள்விகளுக்கு மறுபடியும் விடை எழுதி அனுப்பவும்' என்று. பேனாவைத் தேடினேன். மீனா காகிதத்தையே பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, ப்ளீஸ். மார்கழி முடியட்டும். பொங்கலுக்கு அப்புறம் நானே குடுக்குறேன்."

இந்த ஒன்பது கேள்விகளால் போன வருஷம் இந்த வீட்டில் நடந்ததையும், ஊரில் என் சகலை வீட்டில் நடந்ததையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சகலையிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைக் கொஞ்சம் செவப்பா எழுதுங்க" என்று அனுமதி கொடுத்தார். ஆகவே என் சகலை கந்தசாமி நல்ல சிவப்பு.

2

எனக்கு முட்டிவலி. அதற்குத்தான் போனேன். நெடுநாள் வலி உள்ளவர்களிடம் மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்பது இங்கே வழக்கமாம். நர்ஸம்மா ஒரு காகிதத்தை எடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் இன்னின்ன தொந்தரவு இருந்ததா? இல்லையென்றால் சைபர். சில நாள் என்றால் ஒன்று, பாதி நாளுக்கு மேல் இரண்டு, ஏறக்குறைய தினமும் என்றால் மூன்று.

என் இங்கிலீஷ் சலவைக்கூடத்து இங்கிலீஷ். வெள்ளை, கலர், சூடு, நிறுத்து, இவற்றை வைத்து இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். மனசைப் பற்றிப் பேச அது போதாது. வீட்டார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே போனில் ஒரு அம்மாவைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ், கேட்கவே இதமாக இருந்தது.

"ஐயா, போன ரெண்டு கிழமையா உங்களுக்கு ஒண்டிலயும் விருப்பமில்லாமல் இருந்திருக்கோ?"

நான் கோயிலில் நின்று பேசுவது போல உண்மையைச் சொன்னேன். "டி.வி. போடுறதில்லம்மா. சினிமாப் பாட்டு கேக்குறதில்ல. கல்யாணம் காட்சின்னு எங்கயும் போறதில்ல. மாசம் பொறந்ததுல இருந்து தினமும் இப்படித்தான்."

மூன்று.

"நித்திரை எப்பிடி?"

"நாலு மணிக்கு முழிப்பு வந்துரும். அதுக்கு மேல படுக்க மாட்டேன்."

மூன்று. எழுந்து என்ன செய்கிறீர்கள் என்று அந்தக் காகிதத்தில் கேள்வி இல்லை. கேட்டிருந்தால் குளித்து, விளக்கேற்றி, பாசுரம் சொல்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

"சாப்பாடு?"

"ஒரு வேளைதான்."

மூன்று.

"நான் கூடாதவன், ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு உங்களைப் பற்றி நினைக்கிறனீங்களோ?"

"தினமும் அதைச் சொல்லித்தானம்மா கும்பிடுறேன். நான் பாவி, ஒண்ணுக்கும் ஆகாதவன், ஒன்னைய விட்டா எனக்கு வேற கதி இல்லன்னு."

அந்த அம்மா அதைத் தமிழில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். மூன்று. நடை மெதுவாகிவிட்டதா என்று கேட்டதற்கு முட்டியைக் காட்டினேன். அதற்கு இரண்டு. அசதிக்கு இரண்டு. கடைசியில் ஒன்பதாவது கேள்வி வந்தது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா?

நம் பக்கத்தில் யார்தான் அதைக் கேட்காமல் கும்பிடுகிறார்கள்? சொன்னேன். "தினமும் காலையில கேக்குறதுதாம்மா. படுக்கையில விழாம, யாருக்கும் தொந்தரவு குடுக்காம, பெருமாளே, ஒன் காலடியில சேத்துக்கன்னு."

"ஐயா... இதை நான் அப்பிடியே சொல்லவோ?"

"சொல்லும்மா. சாமிகிட்ட சொன்னதை டாக்டர் வீட்டுல மறைக்கலாமா?"

"எனக்கு விளங்குது ஐயா. எங்கட அம்மாவும் இதைத்தான் கும்பிடுறவ. ஆனா நான் விளக்கம் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுறதை மட்டும்தான் சொல்லலாம்."

சொன்னார். நர்ஸம்மாவின் பேனா நின்றது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு டிஷ்யூப் பெட்டியை முன்னால் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

இருபத்தேழுக்குப் பத்தொன்பது. பத்தாவதில் கணக்குப் பரீட்சையில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை.

3

மறுநாள் காலை மனநலப் பிரிவிலிருந்து இரண்டு அம்மாக்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நல்ல பனி. பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தார்கள். நம் வீட்டு வழக்கத்தை யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இந்த முறை போனில் ஒரு சென்னைத் தம்பி.

"அங்கிள், சாவுக்குன்னு ஏதாவது ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீங்களான்னு கேக்குறாங்க."

"இருக்கே" என்றேன்.

பூஜை அலமாரியில் இருந்த கங்கைச் செம்பை எடுத்து வந்து காட்டினேன். நானும் வசந்தாவும் காசிக்குப் போனபோது வாங்கி, வாயை அடைத்து வைத்தது. கடைசி நேரத்தில் வாயில் விடுவதற்கு. இது இல்லாமல் ஒரு குடும்பஸ்தன் சீமையில் எப்படி இருப்பான்? எங்களுக்கு ஆளுக்கொன்று இருக்கிறது. அதையும் சொன்னேன்.

"அங்கிள்," தம்பியின் குரல் இறங்கிவிட்டது, "ஆன்ட்டிக்கும் சேத்து ரெடியா இருக்குன்னா சொல்ல?"

"ஆமாப்பா. அவளுக்குப் பெரிய செம்பு."

ஒரு அம்மா இரண்டு பக்கம் எழுதினார். இன்னொருவர் வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டு அடுப்படிக்குப் போனார். அங்கே கழுவும் தொட்டிக்கு அடியில் அரிவாள்மனை இருந்தது. திண்டுக்கல்லில் வாங்கி, துணி சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்து வசந்தா கொண்டுவந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரர் முகம் அப்படி வெளிறிப் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வசந்தா வேலை முடிந்து வந்தாள். நடந்ததைக் கேட்டாள். இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொன்னாள். அரிவாள்மனையைத் தரையில் போட்டு, மேலே உட்கார்ந்து, ஒரு முருங்கைக்காயை நறுக்கிக் காட்டினாள். அவர்கள் கை தட்டினார்கள். ஆனாலும் காகிதத்தில் பத்தொன்பது பத்தொன்பதுதான்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் நான் நர்ஸு. எம் புருஷனப் பாக்க வீட்டுக்கு ரெண்டு நர்ஸு! ஏங்க, மார்கழின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கேக்கலையே வசந்தா."

ஒரு வாரம் என்னைத் தனியே விடக் கூடாது என்று சொல்லிப் போனார்கள். எங்கள் பஜனைக் குழுவுக்குச் செய்தி போயிற்று. முறை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் புளியோதரையும் பொங்கலும் கொண்டுவந்தார்கள். பிரசாதத்தை மறுக்க முடியுமா? வார முடிவில் எடை கூடியிருந்தது. 'பசி திரும்பியிருக்கிறது' என்று அந்த அம்மாக்கள் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எவனோ ஒருவன், சாயம் போன ஸ்வெட்டர் போட்ட வேற்று நாட்டுக்காரன், அவன் செத்துவிடக் கூடாது என்று இரண்டு பெண்கள் பனியில் சறுக்கிக்கொண்டு வந்தார்களே. அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அவர்கள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன்.

4

பத்து நாள் கழித்து வேறொருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். அவசரக்காரர். பதினொன்று போட்டார். பொங்கலுக்கு மறுவாரம் மறுபடி கேட்டார்கள். இரண்டு. அந்த இரண்டும் முட்டிக்கு. 'உங்கள் முன்னேற்றம் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது' என்று கடிதம் வந்தது. அவர்கள் மருந்து எதுவும் தரவில்லை. தை பிறந்தது, அவ்வளவுதான்.

"மீனா, நான் அதே ஆளுதான். பத்தொன்பது, பதினொண்ணு, ரெண்டு. நம்ம ஊர்ப் பூ மார்க்கெட்டுல இப்படி ஒரு தராசு வச்சிருந்தா ஒடைச்சுப் போட்டிருப்பாக."

அவள் சிரித்துவிட்டு, தனக்கு வரும் தமிழில் விளக்கினாள். "அப்பா, ஒரு தராசுக்கு ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு, யாரு நிறுத்தாலும், எப்ப நிறுத்தாலும் ஒரே வெயிட் காட்டணும். ரெண்டாவது, பூவைப் போட்டா பூவோட வெயிட்டைத்தான் காட்டணும். ஈரத் துணியோட வெயிட்டைக் காட்டக் கூடாது. உங்ககிட்ட அது பக்தியை எடை போட்டுருச்சு."

"அப்ப எதுக்கு இதை வச்சுக்கிட்டு இருக்காக?"

"பேச ஆரம்பிக்கிறதுக்கு. கேக்கக் கூச்சப்படுற கேள்வியை வாய் விட்டுக் கேக்கிறதுக்கு. ஆனா மார்க்கைப் பாத்து, இவர் சாவார், இவர் சாக மாட்டார்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு எங்க மேடம் சொன்னாங்க. நெறைய மார்க் வாங்குனவங்க நல்லா இருப்பாங்க. கம்மி மார்க் வாங்குனவங்கதான்..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பெண்ணுக்கு ஆத்திசூடி முழுசாகத் தெரியாது. தமிழில் தேதி சொல்லச் சொன்னால் விரல் விட்டு எண்ணுவாள். அந்தக் கவலை எனக்கு எப்போதும் உண்டு. அன்று கொஞ்சம் மறந்தது.

5

தை மாசம் ஊருக்குப் போனோம். வசந்தாவின் தங்கை சரசு, தொப்பம்பட்டிப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபுகுந்தாள். அவள் புருஷன்தான் என் சகலை கந்தசாமி. முருங்கைத் தோப்பு வைத்திருக்கிறார். பழனி முருகனுக்கு அடிமை. அடிமை என்று அவர் சொல்லிக்கொள்வார். பேரம் பேசுவதைப் பார்த்தால் பங்குதாரர் மாதிரி இருக்கும். "முருகா, ஐப்பசியில நல்ல மழை குடுத்தீன்னா முழு மொட்டை. தூத்தல் போட்டு ஏமாத்துனீன்னா பாதி மொட்டைதான், பாத்துக்க" என்று சன்னதியிலேயே சத்தமாகச் சொல்வார். ஒரு வருஷம் நிஜமாகவே பாதி மொட்டையோடு வந்து நின்றார்.

எங்கள் இருவருக்கும் இருபத்தெட்டு வருஷமாகச் சாமிச் சண்டை. "உங்க பெருமாளு பட்டும் பவுனுமா நிக்கிறாரு, கேட்டாக் குடுக்குற இடம். எங்காளு கோமணத்தோட நிக்கிறாரு. நான் கேட்டு வாங்கறனே, அதுக்கு ஒரு தெறமை வேணுமுங்க" என்பார்.

வீட்டில் சொந்தபந்தம் நிறைந்திருந்தது. வசந்தா என் பத்தொன்பது மார்க் கதையைச் சொல்லிவிட்டாள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் புரையேறச் சிரித்தார்கள். சகலை இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தே நின்றார்.

"ஏனுங்க சகலை, பத்தொம்போதா? நான் சைபருங்க!"

"என்ன சைபர்?"

"கார்த்திகையில கண்ணு முகாமுக்குப் போனேன். அங்கயும் ஒரு புள்ளை இதே ஒம்போது கேள்வியக் கேட்டுச்சுங்க. ஒம்போதுக்கும் இல்லைன்னேன். சைபர் போட்டுக் கை குடுத்துச்சு. பள்ளிக்கூடத்துல சைபர் வாங்குனா வெளிய நிக்க வெப்பாங்க. இங்க சைபர் வாங்குனாக் கை குடுக்கறாங்க!"

மறுபடியும் சிரிப்பு. "மச்சான், சீமைக்குப் போயி மன அழுத்தக்காரரா ஆயிட்டீங்க. எங்க வீட்டுக்காரரப் பாருங்க" என்றாள் சரசு. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

அவள் இன்னொன்றும் பெருமையாகச் சொன்னாள். "இப்பத்தான் இவருக்குப் பொறுப்பே வந்திருக்கு மச்சான். மோட்டார் எப்படிப் போடுறது, எந்த வாய்க்காலை எப்பத் தெறக்குறது, பட்டா எங்க இருக்கு, எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. இத்தனை வருஷத்துல பொம்பளைக்கும் நாலு விஷயம் தெரியணும்னு இப்பத்தான் தோணியிருக்கு."

எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் பாயசம் வந்தது. உறுத்தல் போய்விட்டது.

6

மறுநாள் நானும் சகலையும் மட்டும் பழனிக்குப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். அவர் டி.வி.எஸ். ரிப்பேர் என்றார். மலைக்கு என் முட்டி ஒத்துக்கொள்ளாது. ஆகவே இழுவை ரயிலுக்கு வரிசையில் நின்றோம். சகலை என் தோளை விடவேயில்லை. "உங்க முட்டிக்காகப் புடிச்சிருக்கேனுங்க" என்றார். தோளைப் பிடித்தால் முட்டிக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

மேலே சன்னதியில் நல்ல தரிசனம். நான் என் வழக்கமான விண்ணப்பத்தை வைத்தேன். சாமி வேறானாலும் கோரிக்கை ஒன்றுதான். பக்கத்தில் சகலையின் பேரம் இப்போது ஆரம்பிக்கும், முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், நான் வெட்கப்பட வேண்டும் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. கை கூப்பிக்கொண்டு நின்றார். நகரச் சொன்னார்கள், நகர்ந்தார்.

"என்ன கேட்டீக?" என்றேன் வெளியே வந்து.

"ஒண்ணும் கேக்கலைங்க."

"மழை?"

"பேஞ்சாப் பேயுது."

"மொட்டை?"

"எதுக்குங்க அதெல்லாம்."

இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்த மனுஷன். பந்தியில் வந்த உறுத்தல் திரும்பி வந்தது. சாமி கும்பிடுகிறவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். தினமும் சாமியிடம் சாவைக் கேட்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் நாளைக்கும் வந்து கேட்பான். இவர் எதையுமே கேட்கவில்லை. வரப்போகிற மழைகூட அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பஞ்சாமிர்தம் வாங்கிக் கொடுத்தேன். எப்படிக் கேட்பது? நம் ஊரில் அதைக் கேட்க வாய் வருமா? நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு என்பார்கள். ஆனால் என்னை ஒரே மாசத்தில் நாலு பேர் நேருக்கு நேர் கேட்டுவிட்டார்கள். எனக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது.

"சகலை, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீக. செத்துப் போயிறலாம்னு ஒங்களுக்கு நெனைப்பு வருதா?"

அவர் பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பேரீச்சம்பழத்தைக் கம்மி பண்ணிட்டானுங்க."

"கந்தசாமி." இருபத்தெட்டு வருஷத்தில் பெயர் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டதில்லை.

அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். காவடி ஒன்று மேளத்தோடு எங்களைத் தாண்டிப் போயிற்று. அது போனபிறகு சொன்னார். "வருதுங்க."

"தினமுமா?"

"காலையில முழிச்சதும் வருதுங்க. கண்ணைத் தொறந்து, எம்புட்டுத் தெரியுதுன்னு பாக்கறப்போ."

அப்போதுதான் மீதியைச் சொன்னார். கண்ணில் பிரஷர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் அளவு தெரிகிறது. போனது திரும்பாது, சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று கார்த்திகை முகாமில் சொல்லியிருக்கிறார்கள். மூணு மாசமாக யாரிடமும் சொல்லவில்லை. டி.வி.எஸ். ரிப்பேர் இல்லை. என் தோளைப் பிடித்தது என் முட்டிக்காக இல்லை.

"குருட்டுப் பயலை வெச்சு சரசு என்னங்க பண்ணுவா? சோத்துத் தட்டைத் தேடித் தடவிக்கிட்டு... பாரமுங்க. மோட்டார் போடக் கத்துக் குடுத்துட்டேன். அவ சமாளிச்சுக்குவா."

"அந்தப் பிள்ளை கேட்டுச்சுல்ல? ஒம்போதாவது கேள்வி? அன்னிக்கு ஏன் சொல்லல?"

இப்போது பழைய சகலை கொஞ்சம் எட்டிப் பார்த்தார். "எங்க சொல்றதுங்க? எனக்குப் பின்னாடி வரிசையில நம்மூர்க்காரனுக நாலு பேரு. அந்தப் புள்ளைக்கு இன்னும் எத்தனை பேரைக் கேக்கணுமோ. 'சாகணும்னு தோணுதா, இல்லைதானுங்களே?'ன்னு கேட்டுச்சு. பதிலையும் அதுவே சொல்லிருச்சு. நான் எதுக்கு மாத்திச் சொல்லோணும்? ஒரு ஜோக்கு சொன்னேன். சிரிச்சுது. சைபர் போட்டுது."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் பந்தியில் நாங்கள் முப்பது பேர் அதே ஜோக்குக்குச் சிரித்தோம். நாங்களும் சைபர்தான் போட்டோம்.

"சரசுக்கு நான் சொல்லவா, நீங்க சொல்றீகளா?"

"நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

7

தொப்பம்பட்டி திரும்பி, ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சரசுவிடம் சொன்னேன். அழுவாள், மயங்குவாள் என்று வசந்தாவைப் பின்னால் நிற்க வைத்திருந்தேன். சரசு கேட்டு முடித்தாள். புருஷன் முன்னால் போய் நின்றாள். சரியாக அந்த ஜன்னலுக்கு நேராக.

"பாரமா? இருபத்தெட்டு வருஷமா உங்க ஜோக்கைச் சுமந்தேனுங்களே, அதைவிடவா ரெண்டு கண்ணு பாரம்?"

சகலை சிரித்தார். பிறகு அழுதார். பிறகு நாங்கள் எல்லோருமே அழுதோம்.

அன்று முதல் அவரை யாரும் தனியே விடவில்லை. மறுநாள் திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் மேசையிலும் கேள்வித்தாள் இருந்தது. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அவர் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "என்ன வெள்ளாமை?" என்று கேட்டார். முருங்கையில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில்தான் காகிதத்தை எடுத்தார். இந்த முறை சகலைக்குப் பதினாறு.

"மூணு மார்க்குல என்னைய முந்தலையே" என்றேன்.

"மார்கழியில வந்திருந்தா முந்தியிருப்பேனுங்க" என்றார்.

மருந்து கொடுத்தார். கண்ணுக்கு வேறு மருத்துவரிடம் அனுப்பினார். நான் பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போகிறேன் என்று சலவைக்கூடத்துக்கு விண்ணப்பித்தேன். அங்கே விடுப்புக்குப் படிவத்தில் காரணங்களைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நெருங்கிய உறவினர் இறந்தால் ஒரு கட்டம் உண்டு. உறவினர் சாகாமல் இருப்பதற்காக என்று ஒரு கட்டத்தைத் தேடினேன். இல்லை. மீனா 'பிற' என்ற கட்டத்தில் நடந்ததை முழுசாக எழுதி அனுப்பினாள். சம்பளம் இல்லாத விடுப்பு கிடைத்தது.

கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்மிடம் ஒரு பயம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அப்படி வராது என்கிறாள் மீனா. இருப்பது வெளியே வரும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாரைப் பார்த்தாவது ஏதோ உறுத்தினால், தயவுசெய்து கேட்டுவிடுங்கள். 'இல்லைதானே' என்று சேர்க்காமல் கேளுங்கள். கேட்டபிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

8

இங்கே திரும்பியபிறகு வாரம் ஒருமுறை நான்தான் கூப்பிடுவேன். பேசுவார். ஜோக்கும் வரும். அது எந்த வகை ஜோக் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை போனை வைத்தபிறகும் அந்தப் பயம் இருந்தது. நான் கூப்பிடாத நாளில் என்ன செய்வார்?

ஆடி மாசத்தில் ஒரு நாள், மதிய வேலை. இஸ்திரி போடும் பெரிய உருளைக்குள் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக் கூடாது. பெயரைப் பார்த்தேன். அவராக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எடுத்தேன்.

"சகலை, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல, சும்மாதான் இருக்கேன்" என்று அந்த இரைச்சலுக்கு நடுவே கத்தினேன்.

"இன்னைக்குக் கொஞ்சம் சரியில்லைங்க. சரசு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருக்கா. பஸ் ஏறிட்டாளாம். வாரதுக்கு ஒரு மணி நேரமாகும். அதுவரைக்கும் பேசிட்டு இருக்கீங்களா?"

இயந்திரத்தை நிறுத்தினேன். மேற்பார்வையாளர் அம்மா, கண்டிப்பானவர், வேகமாக வந்தார். என் இங்கிலீஷில் இருந்தது அவ்வளவுதான்: "என் சகோதரன். கண் இல்லை. தனியாக இருக்கிறான்." அவர் என் முகத்தைப் பார்த்தார். அழுக்கு மூட்டை ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னார். என் இடத்தில் நின்று விரிப்புகளை அவரே கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரம் பேசினோம். பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேட்டேன். அவரை வாசலுக்கு வந்து உட்காரச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அந்த அம்மா வந்து முறத்தோடு உட்கார்ந்துகொண்டார். பிறகு எங்கள் இரண்டு சாமிகளையும் ஒரு சுற்று வம்புக்கு இழுத்தோம். அந்த எண்ணம் இப்போது எப்படி இருக்கிறது என்று நடுவில் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "இங்கதாங்க உக்காந்திருக்குது" என்றார். இரண்டாம் முறை, "எந்திரிச்சுப் போற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

கடைசியில் அந்தப் பக்கம் பை கீழே வைக்கும் சத்தம். "யாரு போனுல, மச்சானா?" என்று சரசுவின் குரல்.

"வந்துட்டா. வெச்சிரட்டுங்களா?"

"வைங்க. நாளைக்கு நான் கூப்புடுறேன்."

"நாளைக்குக் காலையில தோப்புக்குப் போறேனுங்க. முருங்கை பூ எடுத்திருக்குதாம். பிஞ்சு புடிச்சிருக்குதா இல்லையான்னு கேட்டுக்கோங்க, சொல்றேன்."

"எப்படிப் பாப்பீக?"

"தொட்டுப் பாத்துச் சொல்றேனுங்க" என்றார்.